பவளப்பாறைகள்: கடலுக்கடியில் ஓர் அமானிதம்

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இரு கடல்களைப் பற்றிக் கூறும் அல்லாஹ், அவற்றிலிருந்து வெளிப்படும் அருட்கொடைகளாக முத்தையும் பவளத்தையும் குறிப்பிடுகிறான் (55:22). வசனத்திலுள்ள 'மர்ஜான்' என்ற சொல்லுக்குச் சிறு முத்துகள் என்று விளக்கம் தந்த விரிவுரையாளர்களும் உண்டு. ஆனால் பவளம் என்பதே பரவலாக அறியப்பட்ட பொருள்.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான் பலருக்கு நினைவு வரும். நம் ஊர்க் கடலிலும் பவளங்கள் இருக்கின்றன. அவை நகைக்கானவை அல்ல, பாறைகளைக் கட்டுபவை. இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் அமைந்த 21 தீவுகளைச் சுற்றி அந்தப் பாறைகள் பரவிக் கிடக்கின்றன. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் மக்களுக்கு இது வாசலுக்கு எதிரே உள்ள கடல். 1986-ல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பார்வைக்குக் கல்லாகத் தெரிந்தாலும் பவளம் ஓர் உயிரினம். மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. அந்த ஓடுகள் பல நூறு ஆண்டுகள் சேர்ந்தே பாறையாகின்றன. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் இடம் தருகிறது. பாசி சூரிய ஒளியால் உணவு தயாரித்துத் தருகிறது. பவளத்தின் நிறத்திற்கும் பெரும்பாலும் அந்தப் பாசிதான் காரணம்.

உலகக் கடல் பரப்பில் ஒரு சதவீதத்திற்கும் குறைவான இடத்தில்தான் இப்பாறைகள் உள்ளன. ஆயினும் கடல் உயிரினங்களில் சுமார் கால் பங்கு இவற்றை நம்பி வாழ்கின்றன. மீன்கள் முட்டையிடுவதும், குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் இங்கேதான். பெரிய அலைகள் இங்கு மோதி வலுவிழப்பதால் கரையும் காக்கப்படுகிறது.

இந்த அரணை நாமே உடைத்தோம். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களில் அக்கற்களை இன்றும் காணலாம். அரண் போனதும் அலை தீவுகளை அரித்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகேயுள்ள வான் தீவும் சுருங்கிப்போக, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. 2001-ல் பவளப்பாறைகளுக்கு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது. அதன்பின் கல் வெட்டுவது படிப்படியாக நின்றது.

இன்றைய பெரிய ஆபத்து வெப்பம். கடல்நீரின் சூடு வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் நீடித்தால் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமிழந்து வெளுக்கும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இந்த வெளுப்பு கடுமையாக ஏற்பட்டது. இழுவை மடிகள், கடலில் விடப்படும் கிழிந்த வலைகள், கழிவுநீர், பிளாஸ்டிக் ஆகியவை ஏற்கெனவே நலிந்த பவளத்தை மேலும் நலியச் செய்கின்றன.

அதே அர்ரஹ்மான் அத்தியாயம், அல்லாஹ் தராசை நிலைநாட்டியதையும் அதில் வரம்பு மீறக்கூடாது என்பதையும் பவளத்தைக் குறிப்பிடும் முன்பே கூறிவிடுகிறது. அருட்கொடையை அனுபவிக்க அனுமதி உண்டு. அழிக்க உரிமை இல்லை. பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதி. இனி பிறக்கப்போகும் பிள்ளைகளின் மீனையும் கரையையும் பறிப்பதும் தீங்குதான்.

தீவுகளுக்குப் படகில் செல்வோர் பாறைமீது நங்கூரம் போடாமலும், பவளத்தை மிதிக்காமலும், உடைத்து எடுத்து வராமலும் இருக்கலாம். கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டு வரலாம். கடற்கரை ஊர்களின் ஜமாஅத்துகள் கழிவு கடலில் கலப்பதைத் தடுக்க முன்வரலாம். ஜும்ஆ மேடைகளிலும் இதைப் பேசலாம். கல் வெட்டுவதை நிறுத்த முடிந்த நமக்கு இவையும் முடியும், இன்ஷா அல்லாஹ்.