ஏறிப் போனவர்கள் ஏன் இறங்கி வருகிறார்கள்?

இஸ்ரேல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரண்டே விஷயம்தான். ஒன்று போர், இன்னொன்று சொட்டு நீர்ப் பாசனம். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒரு யூதர் வந்தாலும், "வாப்பா, இது உன் வீடு" என்று கூப்பிட்டுக் குடியுரிமை கொடுக்கிற நாடு அது. 1950-ல் போட்ட 'திரும்பி வரும் சட்டம்' அதற்கு வழி செய்கிறது. அப்படி ஆசை ஆசையாகப் போனவர்களிலும் ஒரு பகுதியினர் சில வருடங்களில் மூட்டை கட்டிவிடுகிறார்கள். என்னத்துக்கு? அதைத்தான் இங்கே எனக்குத் தெரிந்தவரை விளக்கப் போகிறேன்.

முதலில் இரண்டு ஹீப்ரு வார்த்தைகள். அந்த நாட்டுக்குக் குடிபோவதை 'அலியா' என்கிறார்கள், அதாவது மேலே ஏறுதல். விட்டுப் போவது 'யெரிதா', கீழே இறங்குதல். பார்த்தீர்களா, வார்த்தையிலேயே தீர்ப்பு இருக்கிறது! 1976-ல் பிரதமராக இருந்த இட்சாக் ராபின், நாட்டை விட்டுப் போனவர்களைத் தெம்பில்லாத உதிரிகள் என்கிற மாதிரி பேசிவிட்டார். பின்னாளில் அந்தப் பேச்சை அவரே வாபஸ் வாங்கினார். ஆனால் காரணங்களைப் பார்த்தால் இது தெம்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

முதல் காரணம் வயிறு. நாடு பிறப்பதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. 1920-களின் நடுவில் போலந்திலிருந்து ஏராளமானோர் டெல் அவிவ் வந்து இறங்கினார்கள். கட்டட வேலை அமோகமாக நடந்தது. பிறகு போலந்து நாணயத்தின் மதிப்பு சரிந்து பண வரத்து நின்றது. கட்டட வேலையும் படுத்துவிட்டது. 1927-ல் வந்தவர்களைவிடப் போனவர்களே அதிகம்! 1948 முதல் 1951 வரை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தபோது வீடு ஏது? கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் வாழ்க்கை, ரேஷனில் சாப்பாடு. இந்தக் காலத்திலும் வீட்டு வாடகையும் விலைவாசியும் ஜனங்களைக் கசக்குகின்றன. 2011-ல் டெல் அவிவின் ராத்ஸ்சைல்ட் சாலையில் இளைஞர்கள் கூடாரம் அடித்துப் போராடியது இதற்காகத்தான்.

இரண்டாவது, படித்த படிப்புக்கு மதிப்பில்லாமல் போவது. இது நம்ம டிப்ளமோக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். 1990, 1991 இரண்டே வருடத்தில் சோவியத் நாட்டிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேல் யூதர்கள் வந்தார்கள். அவர்களில் எஞ்சினியர்கள், டாக்டர்கள், சங்கீத வித்வான்கள் ஏராளம். அப்போது ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் அத்தனை எஞ்சினியர்களுக்கு வேலைக்கு எங்கே போவது? மிஷின் டிசைன் பண்ணியவர் தெரு கூட்டினார். டாக்டர் மறுபடி பரீட்சை எழுதினார். பாஷை வேறு புதிது. பலர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று முன்னுக்கு வந்தார்கள். சிலர் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள், சிலர் ரஷ்யாவுக்கே திரும்பினார்கள்.

மூன்றாவது காரணம்தான் என் மனதை அதிகம் உறுத்தியது: மரியாதை. கொங்கண் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த 'பெனே இஸ்ரேல்' யூதர்கள் நம் நாட்டுக்காரர்கள், மராட்டி பேசுகிறவர்கள். அங்கே குடிபோனவர்களில் ஒரு கூட்டத்தார், தோல் நிறத்தைப் பார்த்து நடத்துகிறார்கள் என்று சொல்லி 1951-ல் டெல் அவிவில் உட்கார்ந்து போராடினார்கள். "எங்களை இந்தியாவுக்கே அனுப்பிவிடுங்கள்" என்பதுதான் கோரிக்கை. 1952-ல் விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பலர் பிறகு மறுபடியும் இஸ்ரேலுக்கே போகக் கேட்டார்கள். அங்கேயே தங்கியவர்களுக்கோ இன்னொரு சோதனை. கல்யாணம் என்று வந்தபோது, "நீங்கள் அசல் யூதர்தானா?" என்று மதகுருமார்கள் சந்தேகம் கிளப்பினார்கள். போராடிப் போராடி, 1964-ல் பாராளுமன்றம் தலையிட்ட பிறகுதான் விஷயம் ஓய்ந்தது.

இந்தக் கல்யாணச் சிக்கல் வேறு உருவில் இன்றும் இருக்கிறது. 1970-ல் திருத்திய சட்டப்படி தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே குடியேறலாம். மதச் சட்டமோ தாய் வழியை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். உள்நாட்டில் பதிவுத் திருமணம் கிடையாது. ஆகவே குடியுரிமை உண்டு, பட்டாளத்தில் சேரும் கடமையும் உண்டு, ஆனால் தாலி கட்ட (அவர்கள் வழக்கப்படி மோதிரம் போட!) பலர் சைப்ரஸ் தீவுக்குப் போகிறார்கள்.

நான்காவது, பயம். பையன்களுக்கு ஏறக்குறைய மூன்று வருடம், பெண்களுக்கு இரண்டு வருடம் ராணுவ சேவை. அதோடு அடிக்கடி போர். 2023-ல் நீதித்துறை பற்றிய சண்டையில் நாடே இரண்டுபட்டது. அக்டோபர் 7-ந்தேதி தாக்குதலும் காஸா போரும் அதன் பின் வந்தன. 2024-ல் 80 ஆயிரம் பேருக்கு மேல் வெளியேறினார்கள், திரும்பியவர்கள் அதில் பாதிகூட இல்லை. உக்ரைன் போருக்குத் தப்பி 2022-ல் வந்தவர்களிலும் பலர் கிளம்பிவிட்டார்கள். ஒரு போரிலிருந்து தப்பி இன்னொரு போருக்குள் வந்தால் என்ன செய்வார்கள், பாவம்!

ஒன்றை மறக்கக் கூடாது. குடிபோனவர்களில் பெரும்பான்மையோர் அங்கேயேதான் இருக்கிறார்கள். கொச்சி யூதர்கள் 1950-களில் போய் நெவாட்டிம் போன்ற கிராமங்களில் விவசாயம் செய்து வேரூன்றிவிட்டார்கள். எனவே 'போனவன் துரோகி, இருந்தவன் தியாகி' என்று பிரிப்பது சரியில்லை என்பது என் கருத்து. இதை 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. வேலை, வீடு, மரியாதை, உயிர்ப் பாதுகாப்பு இந்த நான்கில் எது எத்தனை குறைகிறது என்று ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறது.

நாளைக்கு நம்மில் எத்தனையோ பேர் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு கடல் தாண்டப் போகிறோம். போன இடத்தில் நம் படிப்புக்கு என்ன மதிப்பு, நம்மை என்னவாகப் பார்ப்பார்கள் என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்வோம். அதேபோல நம் ஊருக்குப் பிழைக்க வருகிறவர்களையும் கொஞ்சம் யோசிப்போம். வாங்க என்று கூப்பிட்டால் மட்டும் போதாது, பாய் விரித்து உட்கார வைக்கவும் வேண்டும். அது இல்லாத இடத்தில், சொந்த நாடு என்று எழுதிக் கொடுத்தாலும் மனுஷன் தங்க மாட்டான்.