கல்பாசியின் பயன் யாருக்கு?

பெங்களூரு: தமிழர்கள் மிகுதியாக வாழும் காக்ஸ் டவுன் பகுதியில் பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் மணம் சேர்ப்பது கல்பாசி. கன்னடர்கள் இதனைக் 'கல்லு ஹூவு' என்கின்றனர். பெயரில் பாசி இருப்பினும் இது வெறும் பாசியன்று. பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் 'லைக்கன்' வகையைச் சேர்ந்தது.

கடும் வெயிலையும் வறட்சியையும் தாங்கி வாழும் லைக்கன்கள் பல்வேறு பீனால் சேர்மங்களை உருவாக்குகின்றன. அவற்றுள் சில, செல்களைச் சிதைக்கும் 'ஃபிரீ ராடிக்கல்' மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்பவை. 'அஸ்னியா காட்டென்சிஸ்' என்ற லைக்கனில் இந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் இருப்பதைப் புணேயின் அகர்கர் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

எனினும், சோதனைக் குழாயில் தெரியும் பலன் மனித உடலிலும் கிட்டும் என்று கொள்வதற்கில்லை. லைக்கன்களில் உள்ள அஸ்னிக் அமிலம் சேர்ந்த உடல் எடைக் குறைப்பு மாத்திரை ஒன்று கல்லீரலைப் பாதித்ததாக, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001-இல் எச்சரித்தது. மேலும், லைக்கன்கள் காற்றிலுள்ள உலோகங்களை ஈர்த்துச் சேமிப்பவை. லால்பாக் உள்ளிட்ட பெங்களூரு நகர லைக்கன்களில் கன உலோகங்கள் சேர்வது குறித்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஆகவே எங்கு சேகரிக்கப்பட்டது என்பதும் முக்கியமாகிறது.

அதனினும் பெரிய கேள்வி, சேகரிப்பவர்களைப் பற்றியது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளரும் லைக்கன்கள், பயிரிடப்படாமல் காடுகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர் பழங்குடியினருக்குத் தேன், நெல்லிக்காய் ஆகியவற்றுடன் கல்பாசியும் வாழ்வாதாரமாக இருந்து வந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, விற்பனைக்காகச் சேகரிப்பது அங்கு 2006-இல் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2011-இல் சோளிகர் கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது.

உயிரியல் வளங்களின் வணிகப் பயனில் உள்ளூர் மக்களுக்கும் பங்கு உண்டு என்கிறது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோர் போன்ற சிலருக்கு அக்கடமையிலிருந்து விலக்கு அளித்தது. லைக்கனிலிருந்து நாளை மருந்து பிறக்குமானால், அதன் ஆதாயம் காட்டில் கல்பாசி எடுக்கும் கைகளையும் சென்றடையச் செய்வது அரசின் பொறுப்பாகும்.