ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறை

மெரினா என்றதும் நமக்குச் சென்னைக் கடற்கரையே நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ அச்சொல் உல்லாசப் படகுகளை நிறுத்திவைக்கும் துறையைக் குறிக்கிறது. வயல்வெளி நடுவே, ஆற்றங்கரையில், அத்தகைய துறையொன்றை ஒருவர் அமைக்க விரும்பினால் அனுமதிக்கலாமா?

நிலம் சொந்தமாக இருந்தால் மட்டும் அங்கே போதாது. 1947ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் வகுத்த முறைப்படி, உள்ளாட்சி மன்றத்தின் இசைவும் வேண்டும். மன்றம் தன் வட்டாரத் திட்டத்தை ஒட்டியே முடிவெடுக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் மட்டுமே விலகலாம் என்கிறது 2004ஆம் ஆண்டுச் சட்டம். அத்திட்டங்கள் பெரும்பாலும் திறந்த நாட்டுப்புறத்தில் புதுக் கட்டடங்களை விரும்புவதில்லை.

முதலில் நானும் "கூடாது" என்றே எண்ணினேன். ஆனால் படகுத்துறையைக் கடைவீதியில் அமைக்க முடியாதன்றோ? வெள்ள அபாயம் பற்றிய அரசு விதிகளும் அதனை நீரோடு இயைந்ததாகவே ஏற்கின்றன. எனினும், படகுத்துறையின் பெயரால் உணவகமும் விடுமுறை வீடுகளும் உடன் வருவதுண்டு. வெள்ளநீர் பரவித் தேங்கும் தாழ்நிலத்தில் வீடுகளுக்கு அதே விதிகள் இடந்தருவதில்லை.

ஆகவே, "இதில் எந்தப் பகுதிக்கு ஆறு இன்றியமையாதது?" என்று பிரித்துக் கேட்பதே நேர்மையான வழி என்பது என் கருத்து. படகுக்கு ஆறு வேண்டும், வீட்டுக்கு வேண்டியதில்லை.

இதில் அவசரம் ஆகாது. இசைவு மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்யலாம். தரப்பட்டுவிட்டாலோ, எதிர்த்த ஊராருக்கு அவ்வுரிமை இல்லை. தவறாக மறுத்ததைத் திருத்த வழியுண்டு. தவறாகக் கொடுத்தது கரையிலேயே நிலைத்துவிடும். எனவே, ஊரார் குரலை முன்னரே செவிமடுத்தல் மன்றத்தின் கடமையாகும்.