காலாவதித் திகதியைக் காப்பது யார்?

யோகட், சீஸ், சொசேஜ் விற்கும் நாம் சாமான் இறக்கும்போது முதலில் பார்ப்பது காலாவதித் திகதியைத்தான். நானும் அப்படித்தான். ஆனால், அந்தத் திகதியின் பின்னால் என்ன பரிசோதனை இருக்கிறது என்பதை நம்மில் பலர் விசாரிப்பதில்லை.

குளிரூட்டிய உணவுகளில் பெரிதும் அஞ்சப்படுவது லிஸ்டீரியா மொனோசைட்டோஜீனஸ் என்ற பக்டீரியா. பல கிருமிகள் குளிரில் அடங்கிவிடும். இதுவோ பிரிட்ஜுக்குள்ளும் மெதுவாகப் பெருகும். உணவின் மணமும் நிறமும் மாறாமலே இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் வயோதிபர்களுக்கும் இது பேராபத்து. 2017, 2018ஆம் ஆண்டுகளில் தென்னாபிரிக்காவில் பொலோனி என்ற பதனிட்ட இறைச்சி மூலம் பரவி, 200க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது.

தொழிற்சாலையில் சூடாக்குவது இக்கிருமியைக் கொல்கிறதா, மிஞ்சியது குளிரில் பெருகுகிறதா என்று அறிய, உணவில் கிருமியைச் சேர்த்தே பார்க்க வேண்டும். கொடிய கிருமியை உற்பத்தி நடக்கும் இடத்துக்குக் கொண்டுவரலாமா? அதனால்தான் அதன் நெருங்கிய உறவான லிஸ்டீரியா இனொகுவாவைப் பயன்படுத்துகிறார்கள். இதுவும் குளிரில் வளரும். ஆனால் பொதுவாக மனிதருக்குத் தீங்கு செய்யாது. குறிப்பிட்ட அளவு சேர்த்து, சூடாக்கிய பின்னும், குளிரில் வைத்த நாட்களிலும் எண்ணிப் பார்ப்பார்கள். கொடியதை விட இது இலகுவில் செத்துவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே, அந்த உணவில் இரண்டும் ஒரேவிதமாக நடக்கின்றனவா என்று முதலில் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

இங்கேதான் நமது பொறுப்பு வருகிறது. பக்கற்றில் 4 பாகை செல்சியஸ் என்றிருந்தால், திகதியும் அந்தக் குளிருக்கே உரியது. 10 பாகையில் கிருமி பல மடங்கு வேகமாகப் பெருகும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் பிரிட்ஜை நிறுத்தினால் அந்தத் திகதிக்குப் பெறுமதியில்லை. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது, வீசுவதா விற்பதா என்று தடுமாறாத வியாபாரி யார்?

பிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள். காலையிலும் மாலையிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் தடைப்படும்படி சாமானை அடுக்காதீர்கள். விநியோகஸ்தரிடம், "எத்தனை பாகையில் பரிசோதித்து இந்தத் திகதியைப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். திகதியை அச்சிடுவது கம்பனி. அதைக் காப்பாற்றுவது நமது கடைப் பிரிட்ஜ்.