மீட்டர் யார் பெயரில்?



போன வாரம் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் தேத்தண்ணி குடிக்கும்போது ஓர் அண்ணன் கேட்டார்: "ஏன் தம்பி, கைப்பேசிக்கு நாலு கம்பெனி இருக்கு. பிடிக்கலேன்னா மாத்திக்கிறோம். லெட்ரிக்கும் அப்படி வந்தா நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு இஞ்சின் நின்றுவிடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். இன்று லெட்ரிக் இல்லாமல் சோறுகூட வேகாது.

மேற்கு மலேசியாவில் 1949-இல் மத்திய மின்சார வாரியம் வந்தது. 1965-இல் அது லெம்பாகா லெட்ரிக் நெகாரா ஆனது. 1990-இல் தெனாகா நேஷனல் கம்பெனியானது. 1990-களில் தனியார் மின் நிலையங்கள் வந்தாலும், நம் வீடுகளுக்கு விற்பது தெனாகாதான். 2019-இல் அமைச்சர் இயோ பீ யின், விற்பனையைப் பிறருக்கும் திறந்துவிடும் திட்டத்தை அறிவித்தார். வீட்டு மின்சாரத்தில் அது நடைமுறைக்கு வரவில்லை. நாளை மறுபடியும் வரலாம்.

அக்கரையில் என்ன நடந்தது? சிங்கப்பூரில் 2018, 2019-இல் வீடுகளுக்குச் சந்தையைத் திறந்தார்கள். பல கம்பெனிகள் மலிவு விலை பேசின. 2021-இல் எரிவாயு விலை ஏறியதும், மொத்தத்தில் வாங்கிச் சில்லறையில் விற்ற ஐஸ்விட்ச் கடையை மூடியது. வாடிக்கையாளர்களை எஸ்பி குழுமத்துக்கு மாற்றினார்கள். விளக்கு அணையவில்லை; பேசிய மலிவு விலை போய்விட்டது. அதே காலத்தில் பிரிட்டனிலும் இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் விழுந்தன. அந்தச் செலவு எல்லார் பில்லிலும் ஏறியது.

மலிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலை ஏறினால் யார் தாங்குவது என்று முதலில் கேளுங்கள் என்கிறேன்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்த அண்ணனிடம் கேட்டேன்: "அண்ணே, உங்க வீட்டு மீட்டர் யார் பேர்ல இருக்கு?" அவர் சிரித்தார். "எங்களுக்கு ஏது மீட்டர்? ஆபீஸ்ல சம்பளத்துல பிடிச்சிக்கிறாங்க."

பார்த்தீர்களா? கணக்கு நம் பெயரில் இல்லையென்றால் நூறு கம்பெனி வந்தாலும் தேர்ந்தெடுப்பது நிர்வாகம்தான். சலுகையும் அப்படித்தான். 2025 ஜூலை முதல் வந்த கட்டண முறையில், மாதம் 600 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் இல்லை. 1000 யூனிட் வரை சிக்கனக் கழிவும் உண்டு. நூறு வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால், வீட்டுக்கு 200 யூனிட் என்றாலும் மொத்தம் 20,000 யூனிட். அதில் நம் சலுகை எங்கே?

இது தோட்டத்தோடு முடியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அறை வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகளுக்கும், கிள்ளான் அடுக்குமாடியில் குடியிருப்போருக்கும், மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் இதே கதைதான்.

தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்வசதி தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. ஆகவே இந்த மாதமே மூன்று காரியம் செய்யுங்கள். சம்பளச் சீட்டில் லெட்ரிக்குக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று பாருங்கள். எத்தனை யூனிட், யூனிட் என்ன விலை என்று ஆபீஸில் கேளுங்கள். பதிலைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். தனியாளாகப் போக வேண்டாம்.

வீட்டுக்கு வீடு மீட்டர், அவரவர் பெயரில் பில். அதை முதலில் வாங்குவோம். எந்தக் கம்பெனி என்பதைப் பிறகு பேசலாம்.