உங்களுக்குத் தெரியுமா? சாயக்கழிவு நின்றால் மீன்கள் வரிசையாகத்தான் திரும்பும்

ஆறு தெளிந்ததும் எல்லா மீனும் ஒரே நாளில் வந்துவிடாது. முதலில் சேற்றில் நெளியும் செந்நிறப் புழுக்கள் பெருகும். அடுத்து விராலும் தேளியும். இவை நீர்மட்டத்துக்கு மேலே வாயை நீட்டி, காற்றை ஒரு மடக்கு விழுங்கிவிட்டு அடியில் போய்விடும். நீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். கெண்டைகளுக்கு அந்த வசதி கிடையாது. மீன்வளத்துக்கு ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்.

லண்டனின் தேம்ஸ் 1957-இல் உயிரற்ற ஆறு என்றே அறிவிக்கப்பட்டது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்திய பிறகு, 1974-இல் அங்கே சால்மன் மீன் அகப்பட்டது!

நம் பக்கத்தில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாதவை மட்டுமே மீண்டும் இயங்கலாம் என்றது. காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம், குமாரபாளையம் பட்டறைகளிலும் இதே கண்டிப்பு வேண்டும். சேலம் நகரச் சாக்கடையைச் சுமந்துவரும் திருமணிமுத்தாற்றுக்கும்தான்.

நீர் சுத்தமானாலும் இன்னொரு தடை இருக்கிறது. காவிரியில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர் தொடங்கி வரிசையாகக் கதவணைகள். முட்டையிட மேலேறும் மீன்களை அவை மறித்துவிடுகின்றன.