மணலைக் கேட்டோம், குடும்பத்தைக் கேட்டோமா?

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. மோனசைட்டில் தோரியம் உண்டு. அதனால் குமரி மாவட்டத்தில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் பழி முதலில் மணல்மீதுதான் விழுகிறது. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைக் கண்காணித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. மணலைப் பற்றிய கேள்வி தொடரட்டும். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஒரே குடும்பத்தில் பலருக்கு, அதுவும் சின்ன வயதிலேயே புற்றுநோய் வந்திருக்கிறதா?

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், தன் வீட்டார் குடல், கருப்பைப் புற்றுநோயால் சாகிறார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்று மருத்துவர் வார்த்தினிடம் சொன்னார். அப்படியே நடந்தது. அந்தப் பரம்பரை நோய்க்கு இன்று 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்று பெயர்.

செல் பிரியும்போது மரபுச்செய்தியில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் நமக்கு உண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் குடல், கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பலரும் அறியாதது, சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயிலும் கட்டி வரலாம் என்பது. இந்த மரபணுக்களில் எம்.எஸ்.எச்.2 பழுதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் மருமக்கள் வழியில், அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு, சொத்து இறங்கியது. இந்த மரபணுப் பழுதோ தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் இறங்கும். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணந்த இருவருக்குமே ஒரே மரபணு பழுதாக இருந்தால், நால்வரில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகி, குழந்தைப் பருவத்திலேயே புற்றுநோய் வரக்கூடும்.

சிறுநீரகத்திலோ அதன் குழாயிலோ உள்ள கட்டியால் சிறுநீரில் ரத்தம் போகலாம். வலியில்லாமல் அப்படிப் போனால் "உடம்புச் சூடு", "கல்லடைப்பு" என்று இளநீர் குடித்து விட்டுவிடாதீர்கள். ஒருமுறை போய் நின்றுவிட்டாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். 60 வயதுக்குள் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் புற்றுநோய் வந்தால், அகற்றிய கட்டியில் பிழை திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அடுத்தது ரத்தத்தில் மரபணுச் சோதனை. பழுது உறுதியானால் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் சோதித்து, உரிய காலத்தில் குடல் பரிசோதனையைத் தொடங்கலாம். புகைப்பவர் அன்றே நிறுத்த வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போனாலும் ஒரு தாளையும் கொண்டுபோங்கள். அப்பா வீட்டிலும் அம்மா வீட்டிலும் யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் புற்றுநோய் வந்தது என்று அதில் எழுதியிருக்கட்டும். பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்காதீர்கள். மறைத்தால் ஆபத்து உங்கள் பிள்ளைகளுக்குத்தான்.